லாலோவின் லாண்டரிச் சுற்று

"கால் தரையில படவே இல்லம்மா. ஷூவோட நிழல்தான் பட்டுச்சு. நிழல் பட்டதுக்கெல்லாம் மார்க்கக் குறைச்சா நாங்க எங்க போறது?"

டோனட் கடை போப்பா அம்மாள் கேட்டது, காப்பிக்குப் பால் ஊற்றட்டுமா என்று மட்டும்தான்.

லாலோ அர்ரெகினிடம் எதைக் கேட்டாலும் எண்பத்தாறாம் வருஷத்துக் கோடையிலிருந்துதான் பதில் வரும். பக்கத்து ஸ்டூலில் இருக்கும் டென்னி வாஸுக்கு இது பழகிப்போனது. கண்ணாடியைத் துடைத்தபடியே சொன்னார்: "நீங்க பால ஊத்துங்கம்மா. நாப்பது வருஷமா அந்த ஒத்தக் கால அந்தரத்துல தூக்கிப் பிடிச்சிட்டிருக்கான். காப்பியாவது குடிக்கட்டும் பாவம்."

"நீ பாத்தியாடா?"

"பாக்கல."

"பாக்காதவன் பேசக்கூடாது."

"பாக்காததுனாலதான் பேசறேன். பாத்திருந்தா உனக்காக நானே சண்டைக்குப் போயிருப்பேன்."

இது பெல்ஃப்ளவர் ஊரில் பெரும்பாலான காலைகளில் நடக்கிற பேச்சு.

லாலோவுக்கு வேலை, காசு போட்டுத் துவைக்கிற கடைகளில் நின்றுபோன இயந்திரங்களை ஓடவைப்பது. லாங் பீச்சிலிருந்து டவுனி வரைக்கும் அவர் கை படாத இயந்திரம் இல்லை. கடைக்குள் நுழைந்ததும் மற்ற மெக்கானிக் இயந்திரத்தைப் பார்ப்பான். லாலோ தரையைப் பார்ப்பார். சட்டைப்பையில் எப்போதும் ஒரு இரும்புக் குண்டு கிடக்கும், பழைய பேரிங்கிலிருந்து எடுத்தது. அதைத் தரையில் மெதுவாக வைப்பார். உருண்டு போனால் உதட்டைப் பிதுக்குவார். வைத்த இடத்திலேயே நின்றால், முகத்தில் கல்யாண வீட்டுக் களை வந்துவிடும். "வெண்ணெய்டா டென்னி, வெண்ணெய்! இந்தத் தரைய வெச்சுக்கிட்டு இவனுங்க துணி தொவைக்கிறானுங்க பாரேன்" என்று அங்கிருந்தே போன் போடுவார்.

வண்டியில் இயந்திர பெல்ட்டுகளுக்கும் குழாய்களுக்கும் நடுவே அந்தச் சின்னச் சைக்கிள் படுத்திருக்கும். இருபது அங்குலச் சக்கரம். இரண்டு சக்கரத்தின் அச்சிலும் இருபுறமும் கால் வைக்க இரும்புக் கட்டைகள் நீட்டிக்கொண்டிருக்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடைக்குப் பின்புறம் அதை இறக்கி வைத்துக்கொண்டு ஆட ஆரம்பித்துவிடுவார். ஆட்டம் என்றுதான் சொல்ல வேண்டும். பி.எம்.எக்ஸ் சைக்கிளில் மேட்டிலிருந்து பறக்கிற கூட்டம் வேறு. இவர்களுக்கு மேடும் வேண்டாம், பள்ளமும் வேண்டாம். சமமான தரை ஒன்று போதும். அதில் சைக்கிளைத் தூக்கி, திருப்பி, முன் சக்கரத்தில் நின்று, ஹேண்டில்பார்மேல் உட்கார்ந்து, கால் மட்டும் தரையைத் தொடாமல் பார்த்துக்கொள்வார்கள். கால் பட்டால் மார்க் போச்சு. மானமும் போச்சு.

ஆளோ குள்ளம். வயிறு முன்னால் நடக்கும், மீசை பின்னால் வரும். மணிக்கட்டு இரண்டும் முருங்கை அடிமரம்போல் இருக்கும். டயரைக் காலால் தேய்த்துத் தேய்த்து ஓட்டுகிற ஆள் என்பதால் இடது ஷூவின் அடி சீக்கிரமே ஓட்டையாகிவிடும். வலது ஷூ கடையில் வாங்கின மாதிரியே இருக்கும். "எங்க வீட்டுல வலது கால் ஷூ மட்டும் ஒரு மூட்டை கெடக்கு" என்பாள் மனைவி நெல்டா. "ஒத்தக் கால் ஆளா ஒரு மருமகன் வந்திருந்தா செலவு மிச்சமாயிருக்கும். வந்தவனுக்கு ரெண்டு காலும் இருக்கு."

அந்தக் காலத்துப் பேச்சை எடுத்தால் இருவரையும் நிறுத்த முடியாது. டென்னி தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். வாயைத் திறந்தால் தெரு முடியும் வரை போகும். யாரோ ஒருவனின் அம்மா ஓட்டுகிற நீளக் காரில் ஏழு பையன்கள், நாலு சைக்கிள். போய் இறங்குகிற இடம் ஒரு கடையின் பார்க்கிங். வாசலில் சுண்ணாம்பால் ஒரு கட்டம். மடக்கு மேஜைக்குப் பின்னால் வைக்கோல் தொப்பியோடு மூன்று நடுவர்கள். அவர்களுக்கே இந்த ஆட்டத்துக்கு எப்படி மார்க் போடுவது என்று பாதி தெரியாது. ஏனென்றால் பையன்கள் சனிக்கிழமை கண்டுபிடித்ததை ஞாயிற்றுக்கிழமை ஆடிக் காட்டினார்கள். பெயரும் அவர்களே வைத்தார்கள். கோழி என்று ஒன்று, பல்லி என்று ஒன்று, அத்தை வீட்டுக் கதவு என்று ஒன்று. உடம்போடு ஒட்டுகிற பளிச்சென்ற சட்டை, தோல் கால்சட்டை, தொண்ணூற்றைந்து டிகிரி வெயில். ஒவ்வொருவனும் தன் பாட்டு கேசட்டைக் கையோடு கொண்டுவந்து, சரியான இடத்தில் சுற்றி வைத்திருப்பான். ஒருவன் அவசரத்தில் அம்மாவின் உடற்பயிற்சி கேசட்டைக் கொடுத்துவிட்டு, 'மூச்சை இழு, மூச்சை விடு' என்ற குரலுக்கே ஆட்டம் முழுவதையும் ஆடி, மூன்றாம் பரிசும் வாங்கினான்.

"நாங்க எதையும் கத்துக்கல" என்பார் லாலோ. "கத்துக்குடுக்க எவன் இருந்தான்? அப்பதான் உண்டாச்சு எல்லாம். நாங்க விழுந்த எடமெல்லாம் புது எடம்."

அந்த எண்பத்தாறில்தான் லாலோ 'லாண்டரி'யைக் கண்டுபிடித்தார். அப்போது மாமாவின் துணி துவைக்கிற கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தார். இயந்திரத்துக்குள் உருளை சுற்றுவதைப் பார்த்துப் பார்த்து வந்த யோசனை. வலது காலை முன் சக்கரத்துக் கட்டையில் வைத்து நிற்க வேண்டும். இடது கால் முன் டயரைத் தேய்த்துச் சைக்கிளைப் பின்னோக்கி உருட்டும். பின் சக்கரம் அந்தரத்தில். உருண்டுகொண்டே இருக்கும்போது சைக்கிளின் உடம்பு முழுவதும் ஆளைச் சுற்றி ஒரு வட்டம் வரும். அது காலடிக்கு வரும்போது நிற்கிற காலையும் தூக்கி, அதைத் தாண்டவிட்டு, திரும்பக் கட்டையில் வைக்க வேண்டும். ஒரு நொடி இரண்டு காலும் எதிலும் இல்லை.

போட்டியில் லாலோ அதைச் செய்தார். ஒரு நடுவர் கால் பட்டது என்று கையைத் தூக்கினார். முதல் பரிசு டென்னிக்குப் போனது. டென்னி அந்த நேரத்தில் குனிந்து, தன் ஷூ கயிறு சக்கரத்தில் மாட்டாமல் இருக்க டேப் சுற்றிக்கொண்டிருந்தார். அதனால் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு லாலோ உட்பட எவராலும் அதைச் செய்ய முடியவில்லை. அவர்கள் வழக்கப்படி, நாலு ஆட்டக்காரர் பார்க்கச் சுத்தமாக முடித்தால்தான் ஒரு சுற்று இருக்கிறது என்று அர்த்தம். அதனால் லாண்டரி என்று ஒன்று கிடையாது. லாலோவின் வாயில் மட்டும் இருந்தது.

"செய்யவே முடியாதுடா அத. காத்துல நின்னாத்தான் உண்டு" என்பார் டென்னி.

"நின்னேன்டா."

"சரி நின்ன. அப்புறம் எதுக்கு எறங்கின?"

போன சனிக்கிழமை பழைய ஆட்டக்காரர்கள் எல்லாரும் கூடினார்கள். அதே பார்க்கிங். கடை மூடிப்போய்ப் பெயர்ப்பலகையின் தழும்பு மட்டும் சுவரில் இருக்கிறது. அரிசோனாவிலிருந்துகூட ஆள் வந்திருந்தான். முன்பெல்லாம் பார்த்தவுடன் 'புதுசா என்ன கண்டுபிடிச்ச' என்று கேட்பார்கள். இப்போது 'எந்த முட்டி' என்று கேட்டார்கள். ஒருவனுக்கு இடுப்பில் இரும்பு வைத்திருந்தது. "இதுதான்டா என்னோட புது பார்ட்டு" என்று தட்டிக் காட்டினான். யாரோ பெரிய கேசட் பெட்டியைக் கொண்டுவந்து வைத்ததும் தொப்பை எல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டது.

லாலோ லாண்டரி செய்யப்போகிறார் என்று டென்னிதான் முந்தின வாரமே எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தார். கிண்டலுக்குச் சொன்னாரா, ஆசையில் சொன்னாரா என்று அவருக்கே தெரியாது. அன்றைக்கு இருந்தவர்களில் மிச்சம் இருந்த அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். இவர்கள் முன்னால் ஆகாவிட்டால் இனி எவர் முன்னாலும் ஆகப்போவதில்லை. அது லாலோவின் மீசையிலேயே தெரிந்தது. ஒரு முனையைக் கடித்துக்கொண்டே நின்றார்.

மகள் யெசேனியா ஆறு வாரக் குழந்தையோடு முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தைக்கு இட்ஸல் என்று பெயர். லாலோ அன்று காலையில் இருந்து யாரைப் பார்த்தாலும் முதலில் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்த முகத்தைக் காட்டினார். "என் மூக்கு பாரு. என் மூக்கேதான்." குழந்தைக்கு மூக்கு என்று ஒன்று இனிமேல்தான் வர வேண்டும். ஆனாலும் எல்லாரும் ஆமாம் என்றார்கள்.

பாட்டு ஆரம்பித்தது. லாலோ உருண்டு வந்து கட்டையில் ஏறினார், பின் சக்கரத்தைத் தூக்கினார், இடது காலை டயரில் வைத்தார். கால் வழுக்கிக்கொண்டு போனது. சைக்கிள் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். தார்த் தரையில் உட்கார்ந்த வாக்கில் கொஞ்ச தூரம் போய் நின்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் மோசம்.

டென்னி போய்ச் சைக்கிளை நிமிர்த்தினார். டயர் கறுகறுவென்று மின்னியது. விரலால் தொட்டார். முகர்ந்தார். திரும்பவும் முகர்ந்தார்.

"டேய்... டயருக்குப் பாலீஷா போட்ட?"

லாலோ தலையைத் தூக்கவில்லை. "போட்டோ எடுப்பாங்களேன்னு."

"எந்தப் போட்டோ?"

"பாப்பாவும் நானும் சைக்கிளும். மொத போட்டோடா. அழுக்கு டயரோடவா நிப்பேன்?"

அப்போது எழுந்தது பாருங்கள் சிரிப்பு. எண்பதுகளில் ஒவ்வொரு போட்டியிலும் புதிதாக வந்த பொடியன் எவனாவது ஒருத்தன், சைக்கிள் பளபளக்கட்டும் என்று டயருக்குக் கார் பாலீஷ் தடவிக்கொண்டு வருவான். முதல் சுற்றிலேயே உட்காருவான். அந்தப் பொடியன்களை எல்லாம் 'எண்ணெய் மொட்டை' என்று கூப்பிட்டுக் கண்ணீர் வரவைத்தவரே லாலோதான். ஐம்பத்தெட்டு வயதில் தானே எண்ணெய் மொட்டையானார்.

"எண்ணெய் மொட்ட! எண்ணெய் மொட்ட!" என்று பார்க்கிங் முழுவதும் கத்தியது. இடுப்பில் இரும்பு வைத்தவன் உட்கார்ந்துவிட்டான், சிரிக்க முடியாமல்.

"சிரிச்சாச்சுல்ல? வாளி எவன்கிட்ட இருக்கு?" என்றார் லாலோ.

அவருடைய வண்டியில் சலவைத் தூள் மூட்டையாகவே இருந்தது. இயந்திரம் சரியாகிவிட்டதா என்று ஓட்டிப் பார்க்க வைத்திருப்பது. தபால்காரரும், வக்கீலும், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவரும் தரையில் மண்டிபோட்டு டயரைத் தேய்த்தார்கள். நுரை சாக்கடை வரைக்கும் ஓடியது. பிறகு லாலோ ஈர டயரைச் சொரசொரப்பான இடத்தில் உருட்டி உருட்டிக் காயவைத்தார். தன் இடது ஷூவை ஒருமுறை தரையில் உரசிப் பார்த்துக்கொண்டார்.

டென்னி அதற்குள் ஒரு காரியம் செய்தார். மேல்சட்டையைக் கழற்றித் தாரில் விரித்து, அதன்மேல் குப்புறப் படுத்துக் கன்னத்தைத் தரையோடு வைத்தார்.

"என்னடா பண்ற?"

"இந்தத் தடவ பாக்கறேன். நீ வா."

லாலோ வந்தார். கட்டையில் ஏறினார். பின் சக்கரம் எழும்பியது. இடது கால் டயரைப் பிடித்தது, இந்த முறை உண்மையாகவே பிடித்தது. கிறீச், கிறீச் என்று டயர் தேயத் தேய, சைக்கிள் பின்னோக்கி உருண்டது. ஹேண்டில்பாரை ஒரு தள்ளு. சைக்கிளின் உடம்பு வெளியே போய், வளைந்து, வெயிலில் மின்னிக்கொண்டு முதுகுப் பக்கமாகச் சுற்றி வந்தது. அவ்வளவு பெரிய வயிறு எப்படி அவ்வளவு லேசாக எழும்பியது என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டு காலும் மேலே. கீழே சைக்கிள் போகிறது. டென்னிக்கு அந்த இடைவெளியில் எதிர்ப்பக்கத்துச் சுவரும், ஒரு குப்பைத்தொட்டியும், யெசேனியாவின் நாற்காலிக் காலும் தெரிந்தன. ஷூவுக்கும் தரைக்கும் நடுவில் வெளிச்சம் இருந்தது.

வலது கால் கட்டையில் வந்து 'டக்' என்று உட்கார்ந்தது. சைக்கிள் இன்னும் உருண்டுகொண்டிருந்தது.

"படல!" டென்னி படுத்தபடியே கத்தினார். "படலடா! பாத்தேன்! நான் பாத்தேன்! படல!"

அதன் பிறகு யார் யாரைத் தூக்கினார்கள் என்று சொல்ல முடியாது. இடுப்பில் இரும்பு வைத்தவனைக்கூட எவனோ தூக்கிவிட்டான். அழுதவர்கள் வெயில் என்று சொன்னார்கள். குழந்தை வீறிட்டது. "பாரு பாரு, தாத்தாவுக்குக் கை தட்டறா" என்றார் லாலோ. போட்டோ எடுத்தார்கள். டயர் முழுவதும் வெள்ளைத் திட்டாகச் சலவைத் தூள். டென்னி கன்னத்தில் தார்க் கற்களின் அச்சோடு, கேட்காமலேயே நடுவில் வந்து நின்றுகொண்டார்.

இன்று காலை லாலோ டோனட் கடைக்கு வந்தார். முட்டியில் கட்டு. ஸ்டூலில் உட்கார முடியவில்லை, பின்பக்கம் அப்படி. நின்றபடியே காப்பி குடித்தார். போப்பா அம்மாள் காசு வேண்டாம் என்று சொல்லி, சர்க்கரை தூவிய டோனட் ஒன்றையும் தள்ளினார். மூச்சு விடாமல் தின்றார். டென்னிக்கே பொறுக்கவில்லை.

"என்னடா, சத்தத்தையே காணோம்? அதான் பாத்தாச்சு, எல்லாரும் ஒத்துக்கிட்டாச்சு. இனி எதச் சொல்லி என் உசுர எடுப்ப?"

லாலோ தட்டில் மிஞ்சியிருந்த சர்க்கரைத் தூளில் விரலை வைத்து மெல்ல ஒரு வட்டம் போட்டார். வழித்துவிட்டு, அதே வட்டத்தை எதிர்ப்பக்கமாகப் போட்டார். விரலை நக்கிக்கொண்டார்.

"அது வலப்பக்கமாச் சுத்தினதுடா. இடப்பக்கமாச் சுத்தறத இன்னும் எவனும் பாக்கல."