ஐயாவின் தொட்டி எஞ்சின்

கனடாவில், ஸ்காபரோவில் நான் தனியாக இருக்கும் அப்பார்ட்மென்டில் இன்று காலை ஹீற்றர் உஸ்ஸென்று நீராவி விட்டது. யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறையில் என் தகப்பனார், ஐயா, ஓட்டிய எஞ்சின் நினைவுக்கு வந்தது. இங்கிலாந்தில் செய்த சின்ன நீராவி எஞ்சின். தண்ணீர்த் தொட்டியைத் தன் விலாவிலேயே சுமந்துகொண்டு ஸ்ரேசனுக்குள் ரயில் பெட்டிகளைத் தள்ளித் திரியும். டீசல் எஞ்சின்கள் வந்ததும் அதை உடைக்கக் கொண்டுபோனார்கள்.

அன்று ஐயா கரி படிந்த சேட்டோடேயே சாப்பிட இருந்தார்.

“கழட்டித் தாங்கோவன், தோய்ச்சு விடுறன்,” என்றார் அம்மா.

“வேண்டாம். இந்த மணம் கிடக்கட்டும்.”

சொல்லும்போதே ஐயாவின் கண் நிறைந்தது. எனக்கு ஒன்பது வயது. பக்கத்தில் போய் இருக்கத் தெரியாமல் வெளியே ஓடிவிட்டேன்.

இதைச் சொல்ல பக்கத்து நகரமான மார்க்கமில் இருக்கும் மகளுக்குப் போன் எடுத்தேன்.

“மீற்றிங்கில நிக்கிறன் அப்பா. பிறகு எடுக்கட்டா?”

“ஓம் பிள்ளை, ஆறுதலா எடு,” என்றேன். வேறு யாருக்குச் சொல்வதென்று தெரியவில்லை.