கேட்டவனுக்குக் கயிறு

யூஜினிக்கு வாய் கொஞ்சம் நீளம். தலவிலக் கரைக்குக் கருவாடு வாங்க வரும் வியாபாரிகள் அவள் தலையைக் கண்டாலே அடுத்த மீன்வாடிக் குடிசைக்குள் நுழைந்துவிடுவார்கள். அவள் புருஷன் கிளைட்டனோ வாயே திறக்காதவன். அந்த மனிதன்தான் இன்று ஆயுள் கைதி.

நடுக்கடலில் எஞ்சின் நின்றவன் கயிறு கேட்டால் மறுக்கக்கூடாது. கேட்பவன் பகையாளியானாலும் கட்டியிழுத்துக் கரைசேர்க்க வேண்டும். அது அந்தக் கரையின் வழக்கம். கிளைட்டனும் மறுக்கவில்லை. பாதி வழியில், மூடியிருந்த படங்குச் சீலை காற்றுக்கு விலகியபோதுதான் பின்னால் வந்த படகில் போதைப்பொருள் பொதிகளைக் கண்டான். கயிற்றை வெட்டியிருக்கலாம். வெட்டினால் அதிலிருந்தவர்கள் கடலோடு போய்விடுவார்களே என்று இழுத்துக்கொண்டே வந்தான். கரைக்குக் கிட்ட வைத்துக் கடற்படை பிடித்தது.

மேல்நீதிமன்றத்தில் அவன் எதையும் ஒளிக்கவில்லை.

"தெரிந்த பிறகும் இழுத்தது குற்றம்தான்," என்றார் நீதிபதி. "உயிருக்கு இரங்கித்தான் இழுத்தாய் என்பதையும் நம்புகிறேன். ஆனால் இதற்குத் தூக்கு, இல்லாவிட்டால் ஆயுள் என்று சட்டம் எழுதிவைத்திருக்கிறது. குறைக்க எனக்கு அதிகாரம் இல்லை."

பொதி ஏற்றியவனுக்கும் ஆயுள், கயிறு கொடுத்தவனுக்கும் ஆயுள். எள்ளு காய்வது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை எதற்குக் காய்கிறது? நம்பியும் இரங்க முடியாத நீதிபதியை நினைத்தால் அவர்மேலும் பரிதாபமாகத்தான் இருக்கிறது.

சட்டத்தை மாற்றக் கேட்கும் மனுவுக்குக் கையெழுத்து வாங்கச் சட்டத்தரணிகள் சிலர் கரைக்கு வந்தபோது யூஜினி முதல் ஆளாகப் போய் நின்றாள். "அவர விடச் சொல்லி நான் கேக்கல்ல. செஞ்சது பிழைதான். எவ்வளவு பிழை எண்டு நிறுத்துப் பாக்க ஜட்ஜ் ஐயாட கையில ஒரு தராசக் குடுங்க. அவ்வளவுதான்."

அந்த வாடைக் காலத்தில் அவள் தம்பி அன்ரனிப்பிள்ளையின் எஞ்சின் நடுக்கடலில் நின்றது. சட்டையைக் கழற்றி வீசிக் கயிறு கேட்டான். கடைசியில் நீரோட்டம் இழுத்துப்போய் உடப்புக் கரையில் அரை உயிராக ஒதுக்கியது.

சிறைக்குப் பார்க்கப் போனபோது யூஜினி அதைக் கிளைட்டனிடம் சொன்னாள்.

"ஒரு போட்டும் அந்தப் பக்கம் வரல்லியா?" என்று கேட்டான்.

"வந்திச்சு. நம்மட ஆக்கள்தான். கிட்ட வந்து பாத்திட்டு, உங்கள மாதிரி மாட்டிருவம் எண்ட பயத்தில திரும்பிட்டாங்க."

தீர்ப்பு நாளில்கூட அழாதவன் கம்பிவலையில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதான்.

"என்னாலயா?" என்றான்.

வாய் நீண்ட யூஜினி கம்பிவலைக்குள் விரலை விட்டு அவன் நெற்றியைத் தடவினாள்.