கேட்டில் பிடிபட்ட கட்டி

மலாயாவில் வெள்ளைக்காரர்கள் அவசரகாலம் அறிவித்திருந்தபோது, கோலசிலாங்கூர்ப் பக்கத்திலிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போகக் கூடாதென்று, பால் வெட்டப் போகிறவர்களைக் கேட்டில் நிறுத்தித் தடவிப் பார்ப்பார்கள். பெண்களைச் சோதிக்க ஒரு பெண் இருந்தாள்.

எனக்கு எட்டு வயது. மரப்பட்டையில் உறைந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பால் பொறுக்க அத்தையோடு போவேன். தொடாதே என்றால் தொட்டுப் பார்ப்பது என் குணம். அப்படித் தொட்டதில் ஒருமுறை பால் வெட்டும் கத்தி கட்டைவிரலில் ஆழமாக இறங்கிவிட்டது. அதன்பின் எனக்கு வேறு வேலையே இல்லை, விரலைப் பார்ப்பதுதான். பள்ளத்தின் அடியிலிருந்து சதை மெல்ல ஏறி வந்தது. தோலுக்குச் சமமாக வந்ததும் நின்றுவிட்டது. போதும் என்று அதற்கு யார் சொன்னது? வாய்பிளந்து பார்த்தேன். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயம் முழுக்க விரலை நீட்டிக் கேட்டேன். மாரியாத்தா என்றார் அம்மா. போய் முகத்தைக் கழுவு என்றார் அப்பா.

ஒருநாள் கேட்டில் அந்தப் பெண்ணின் கை அத்தையின் அக்குளருகே நின்றது. துணியில் முடிந்த அரிசி என்றே நினைத்தாள். தட்டி மறைவுக்குள் கூட்டிப்போனாள், நானும் போனேன். ரவிக்கையை விலக்கியதும் அவள் முகம் மாறியது. எலுமிச்சம்பழம் அளவுக்கு மார்போரம் ஒரு கட்டி. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று அத்தை கிளம்பிவிட்டார். யாரிடமும் சொல்லக் கூடாதென்று வழியில் என்னிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

நான் தைரியம் சொன்னேன்.

"பயப்படாதீங்க அத்தே. ஒரு அளவு வந்தா தானா நின்னுரும். என் வெரலு நிக்கல?"

பிற்பாடு நான் உயிரியல் ஆசிரியையானேன். ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் சில புரதங்கள் சேர்ந்து, இரண்டாகப் பிரி என்று உந்துகின்றன. வேறு சில வழிமறித்து, உள்ளே எல்லாம் சரியாக நகலாகியிருக்கிறதா என்று பார்த்த பிறகே விடுகின்றன, பழுதிருந்தால் நிறுத்திவிடுகின்றன. கண்ணுக்கே தெரியாத இடத்தில் இத்தனை காவல்! அதைப் பாடம் நடத்தியபோதெல்லாம் எனக்கு மெய்சிலிர்த்தது. அந்தக் காவல் கெட்டுப்போனால் உயிரணுக்கள் நிற்காமல் பெருகும். அத்தைக்குள் அதுதான் நடந்தது. அடுத்த தீபாவளிக்கு அவர் இல்லை. நான் சத்தியத்தைக் காப்பாற்றியிருந்தேன்.

அதுவரை தினமும் காலையில் என் விரலைப் பிடித்துத் தடவிக் கேட்பார்.

"எத்தன நாள்ல நின்னுச்சுன்னு சொன்ன?"

பன்னிரண்டு நாள் என்பேன். மறுநாளும் அதையே கேட்பார். அத்தைக்கு ஞாபகமறதி வந்துவிட்டது என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன்.