ஆல்மாவின் மாலை

எங்கள் வால்புர்காவின் வலது கை முட்டியில் ஒரு தழும்பு இருக்கிறது. கேம்பர்வேன்காரன் ஒருவனின் முன்பல் பதிந்த இடம். ஊரில் அவளைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். நானும் அப்படியே.

கோடை முழுக்க மலைமேல் ஊர்மாடுகளை மேய்ப்பது அவள் வேலை. கூடமாட ஓட்டுகிறவன் நான். செப்டம்பரில் மந்தை இறங்கும்போது, மேலே ஓர் உயிரும் சாகவில்லை என்றால் முன்மாட்டின் தலையில் பூமாலை கட்டுவோம், திருஷ்டிக்கு நடுவில் ஒரு கண்ணாடி வைத்து. ஒன்று செத்திருந்தாலும் மாலை கிடையாது. வால்புர்காவுக்கு மூன்று வருஷமாக மாலை இல்லை. முதலில் இடி விழுந்து கிடாரிகள் கருகின. மறுவருஷம் ஒரு கன்று பாறையில் உருண்டது. அதற்கடுத்து அவள் தம்பி கோர்பினியன் கற்சரிவில் நசுங்கிப் போனான். மாடு மேய்க்க எமனை அனுப்பிவிட்டோம் என்று பீர்க்கடையில் ஒருவன் சிரித்தான். அவன் மூக்கு இன்றும் கோணல்தான்.

நாலாம் வருஷம் எல்லாம் பிழைத்தன. இறங்குகிற நாள் காலையில் முன்மாடு ஆல்மாவின் கொம்பில் மாலையைக் கட்டும்போது வால்புர்கா அழுதாள். நான் பார்க்காத மாதிரி நின்றுகொண்டேன்.

ஏரிக்கரையில் ஒரு பக்கம் கல்சுவர், ஒரு பக்கம் தண்ணீர் என்று பாதை ஒடுங்கும். அங்கே பாதியை அடைத்துக்கொண்டு ஒரு கேம்பர்வேன், உள்ளேயே படுத்துத் தூங்குகிற வண்டி. இந்தச் சனியன்களுக்குக் கண்விழித்ததும் எதிர்மலையில் இருக்கும் பழைய ராஜாவின் வெள்ளைக் கோட்டை ஜன்னலில் தெரியவேண்டும், அதற்காக எவன் வழியிலும் படுப்பார்கள். வடக்கேயிருந்து வந்தவன். ஏரி ஏரியாகச் சுற்றிவிட்டு, அன்று கோட்டைக்குப் போக இருந்தானாம். வண்டியை எடுக்கச் சொல்லி நான் கத்தினேன். மாலை போட்ட மாடு கோட்டையோடு சேர்ந்து படத்தில் விழுகிறது, ஒரு நிமிஷம் என்று கைபேசியைத் தூக்கிப் பிடித்தான்.

அந்த ஒரு நிமிஷத்தில் அவன் நாய் உள்ளேயிருந்து பாய்ந்தது. ஆல்மா மிரண்டு திரும்ப, பின்னால் வந்த மாடுகள் நெருக்கித் தள்ளின. வண்டியின் மடக்குப்படிக்குள் அவள் முன்கால் சிக்கி முறிந்தது. எலும்பு வெளியே வந்துவிட்டது. கொம்பு ஜன்னலை உடைக்க, அவள் அலறினாள். மாடு அப்படி அலறி நான் கேட்டதில்லை.

வால்புர்கா முதலில் அவன் வாயில் குத்தினாள். விழுந்தவனை உதைத்தாள். பிறகு கோலை எடுத்து மிச்சக் கண்ணாடிகளையும் நொறுக்கினாள். அவன் பெண்டாட்டி காலைப் பிடித்துக் கதறிய பிறகுதான் நின்றாள். என்னிடமிருந்து கத்தியை வாங்கி ஆல்மாவின் கழுத்தை அவளே அறுத்தாள். தலையை மடியில் வைத்துக்கொண்டு, துடிப்பு அடங்கும்வரை உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, மேல ஒண்ணும் சாகலியே. மாலைய வேற மாட்டுக்குக் கட்டிரலாம். ஊருல எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க" என்றேன்.

விட்டாள் ஓர் அறை. காது இரண்டு நாள் அடைத்துக்கிடந்தது.

மாலையை ஆல்மாவின் தலையிலேயே விட்டுவிட்டு மொட்டை மந்தையாக ஊருக்குள் நுழைந்தோம். எங்களைப் பார்த்ததும் பேண்டுக்காரர்கள் பாதியில் நிறுத்தினார்கள். பீர்க்கடைக்காரன் தொப்பியைக் கழற்றினான்.

மறுவாரம் போலீஸ் கூப்பிட்டது. நானும் கூடப் போனேன். அவன் கைபேசியில் எடுத்த வீடியோவையே சாட்சியாகப் போட்டார்கள். வெயிலில் கண்ணாடி மின்ன, தலையை ஆட்டிக்கொண்டு ஆல்மா வந்தாள், பின்னால் கோட்டை. அப்புறம் நாய், அலறல், குத்து. போலீஸ்காரர் குத்து விழுந்த இடத்தில் நிறுத்தினார்.

"அடிச்சது நாந்தாங்க. எங்க வேணாலும் கையெழுத்துப் போடுறேன்" என்றாள். பிறகு திரையைக் கையால் காட்டினாள். "முதல்ல இருந்து போடுங்களேன். நாய் வர்றதுக்குள்ள நிறுத்திருங்க."

அவர் போட்டார். நிறுத்தினார். அவள் இன்னொரு தடவை கேட்டாள்.