தூணில் கீறிய ஒற்றைக் கோடு

தெருமுனையில் இருக்கும் மரச்சட்ட வீட்டில் இப்போது மூன்று கடைகள். அந்த வீட்டுக்குச் சுவர் வெறும் சட்டை. தூணும் உத்தரமும்தான் எலும்பு. மாடி தெருப்பக்கம் ஒரு முழம் துருத்திக்கொண்டு நிற்கும். இரும்பாணி ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் மரமுளை. இதெல்லாம் என் வீட்டுக்காரர் சொன்னது. அவர் தச்சர். மரத்தைத் தவிர வேறு எதையும் பேசத் தெரியாத மனுஷன்.

வீட்டைக் கடையாக்க அவர் வந்தபோது நான் அங்கே பாத்திரம் கழுவும் வேலையில் இருந்தேன். சட்டங்களைக் கழற்றுமுன் ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு பக்கமும் உளியால் ஒரே குறியைக் கீறுவார். மூன்று கோடு போட்ட கட்டை மூன்று கோடு போட்ட தூணில்தான் சேரும்.

ஒருநாள் தண்ணீர் கொண்டுபோனேன்.

“அந்தத் தூண்ல சாஞ்சு நில்லு. அளவு எடுக்கணும்.”

நின்றேன். உச்சந்தலையை ஒட்டி ஒரு கோடு கீறினார்.

“என்னய்யா அளவு இது?”

“எங்க வீட்டு நிலைவாசல் குட்டை. உனக்கு இடிக்குமான்னு பாத்தேன்.”

பெண் கேட்ட லட்சணம் அது! அடுத்த மாசம் கல்யாணம். நிலை இடிக்கத்தான் செய்தது. “நாளைக்கு உயர்த்திடறேன்” என்பார். நாற்பது வருஷம் நானும் குனிந்தே போனேன். ஊர் வீட்டையெல்லாம் நிமிர்த்தியவர், எங்கள் நிலையைத் தொடாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவர் போய் மூன்று வருஷம். அந்தத் தூண் இருப்பது செருப்புக்கடையில். தினமும் போய்ச் சாய்ந்து நிற்பேன்.

“பெரியம்மா, வாங்கவும் மாட்டே, நகரவும் மாட்டே” என்பான் கடைக்காரன்.

“உன் செருப்பை வாங்கினா நகர முடியாதுடா” என்பேன்.

போன வாரம் தூண்களைப் பலகை போட்டு மூட ஆள் கூட்டிவந்தான். கோட்டை மூடாதே என்று கேட்க எனக்கு வெட்கம். வந்த நரைமீசைத் தச்சன் கோட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

“அண்ணே, இதுக்கு எதிர்க்குறி எங்கயும் இல்ல. ஏதோ ஒரு கட்டையைப் பூட்டாம விட்டிருக்காங்க.”

கடைக்காரனுக்கு முகம் செத்துவிட்டது. “மாடி இறங்கிடுமா?”

இரண்டு நாள் பரணெல்லாம் ஏறித் தேடினார்கள். நான் வாயே திறக்கவில்லை. தேடுகிறவரை மூட மாட்டார்களே! மூன்றாம் நாள், எதுவும் அகப்படாமல், எதற்கும் இருக்கட்டுமென்று கோட்டின் மேலேயே இரும்புப் பட்டை முடுக்கத் துளைபோடும் மெஷினைத் தூக்கினான் தச்சன்.

“எந்த அரைகுறை பூட்டினானோ” என்று முனகல் வேறு.

“கையை எடுடா! அரைகுறை உங்கப்பன். அது மூட்டுக்குறி இல்ல, என் உயரம். என் வீட்டுக்காரர் கீறினது.”

நம்பாமல் பார்த்தார்கள். தூணில் முதுகை ஒட்டி நின்றேன். தச்சன் தலைக்கு மேல் கையை வைத்துப் பார்த்தான்.

“நாலு விரக்கடை மேல இருக்கே, பெரியம்மா?”

“அவர் அளவு தப்பாது. நான்தான் குறுகிட்டேன்.”



கடைக்காரன் தச்சன் பக்கம் திரும்பினான். “இந்த ஒண்ணை விட்டுடு. மத்ததை மூடு.”

வீட்டுக்கு வந்ததும் பழக்கத்தில் நிலைவாசலில் குனிந்தேன். திரும்பி வெளியே போய், நிமிர்ந்து நுழைந்து பார்த்தேன். தலை இடிக்கவில்லை. இடித்திருந்தால் அவரை நாலு வார்த்தை திட்டியிருப்பேன்.