அண்ணன் வைத்த கையெழுத்து

எங்கள் அண்ணனின் ஓராண்டு நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று அவருடைய மனைவி, எங்கள் மச்சாள், சொன்னபோது பக்கத்தில் இருந்தவர்கள் பயந்துபோனார்கள். செத்த வீட்டிலும் பகிடி விடுகிறவன் என்று எனக்குப் பெயர். பொறுத்தருளுங்கள். இம்முறை பகிடி என்னைப் பற்றியது.

அண்ணன் உன்னிச்சையில் பிறந்தார். அப்பா நேரத்தோடு காலமானதால் பதினான்கு வயதில் வயலுக்கு இறங்கி, என்னைப் பள்ளிக்கு அனுப்பினார். படிப்பு என்னிடம் ஒட்டவில்லை. அது அவர் குற்றமல்ல. அவருக்கு இருந்த ஒரே பயம் ஆழத் தண்ணீர். தோணியில் கால் வைத்தாலே வாந்தி எடுப்பார். வாவிக்கு மேலான கல்லடிப் பாலத்தை பஸ்ஸில் கடக்கும்போதுகூடக் கண்ணை மூடிக்கொள்வார்.

போரின் கடைசி ஆண்டுகளில் ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் அவரைக் கொண்டுபோனார்கள். தமிழ்ப் பெயர், இயக்கம் இருந்த உன்னிச்சை விலாசம். சந்தேகப்பட அவ்வளவும் போதுமாயிருந்தது. பதினேழு நாட்கள் அடித்தும் அவர்கள் கேட்ட குற்ற ஒப்புதலை அண்ணன் கொடுக்கவில்லை.

பதினெட்டாம் நாள் அவரைப் பார்க்கப் போனேன். பொலன்னறுவையில் அரிசி ஆலையொன்றில் மூட்டை தூக்கிய காலத்தில் சிங்களம் பேசப் பழகியிருந்தேன். என் பகிடிக்குச் சிரித்து, காவலில் நின்றவர்கள் உள்ளே விட்டார்கள். அப்போது ஓர் அதிகாரி தட்டச்சுத் தாள்களோடு வந்தார். வீட்டுக்கு அனுப்பும் பத்திரம், கையெழுத்து வைத்தால் நாளைக்கே போகலாம் என்று சிங்களத்தில் என்னிடம் சொன்னார்.

அண்ணன் வீங்கிய கண்ணால் என்னைப் பார்த்தார். "நீ வாசிச்சுப் பாரடா தம்பி. என்ன எழுதியிருக்கு?"

எனக்குச் சிங்களம் பேச மட்டுந்தான் தெரியும். எழுத்தில் எனக்குத் தெரிந்தது பொலன்னறுவை பஸ்ஸின் பெயர்ப்பலகை ஒன்றுதான். அதுவும் இலக்கத்தின் உதவியோடு. அதை அண்ணனுக்கு முன்னால் சொல்ல வெட்கமாயிருந்தது. தாளை வாங்கி, வரி வரியாகக் கண்ணை ஓட்டி, உதட்டையும் அசைத்தேன். பக்கம்கூடப் புரட்டினேன்.

"விடுதலைக் கடிதம்தான் அண்ணன். வைங்க."

வைத்தார். பதினேழு நாள் அடியாலும் வாங்க முடியாத கையெழுத்தை என் வாய் வாங்கிக்கொடுத்தது.

அண்ணன் வெடிபொருளைத் தோணியில் ஏற்றி, தானே வலித்து வாவியைக் கடந்தார் என்பதுதான் அந்தத் தாளில் இருந்தது. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னபோது, 'தோணி' என்றதும் எங்கள் ஊரார் ஒருவர் தன்னை மறந்து சிரித்துவிட்டார். பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஆயுள் தண்டனை.

சிறைக்குப் போய், வாசிப்பதுபோல் நடித்ததைச் சாட்சி சொல்லப்போகிறேன் என்றேன். "உனக்கென்ன விசரா? கூண்டில ஏறினா உன்னையும் உள்ள போடுவானுகள். அம்மாக்கு ஒருத்தனாவது வேணும். வாயை மூடிக்கொண்டிரு," என்றார். அண்ணன் சொல் தட்டாத தம்பி என்று ஊர் என்னைப் புகழ்ந்ததுண்டு. அந்த ஒரு சொல்லைத் தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. எனக்கும் பயமாயிருந்தது.

சிறையில் குருநாகல்காரக் கைதி ஒருவரிடம் அண்ணன் சிங்களம் எழுத வாசிக்கப் பழகினார். தன் ஒப்புதலைத் தானே வாசித்துவிட்டு என்னிடம் சொன்னார்: "இந்தத் தோணிக்காரன் பெரிய கெட்டிக்காரன்டா. எனக்கே அவனை ஒருக்காப் பார்க்கோணும் போல இருக்கு."

வாசிக்கத் தெரியாத மொழியில் பெற்ற ஒப்புதல் செல்லாது என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தபோது பதினோராவது ஆண்டு. அதைப் பார்க்க அம்மா இருக்கவில்லை.

ஊரார் அவரை வட்டை விதானையாக்கி, வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் பொறுப்பைக் கொடுத்தார்கள். தன் வயலுக்குக் கடைசியாகத்தான் திறப்பார். சிங்களத்தில் கடிதம் வந்தவர்கள் ஓட்டமாவடியிலிருந்தும் அவரைத் தேடி வருவார்கள். வந்தவரிடம் முதலில் பேனையை வாங்கித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். "முழுக்க வாசிச்ச மறுகா தாறன்."

கடைசி நாட்களில், ஆஸ்பத்திரியில், சத்திரசிகிச்சைக்குச் சம்மதப் படிவம் தந்தார்கள். அது தமிழில் இருந்தது. நான் நீட்டினேன். அண்ணன் பேனையை எடுக்கவில்லை.

"நீ வாசிச்சியா?"

"ஓம்."

"முழுக்க?"

உரக்க வாசித்துக் காட்டினேன். ஒரு வரியும் விடவில்லை. கேட்டு முடித்துச் சிரித்தார். "இப்ப சரி," என்று கையெழுத்து வைத்தார். அவர் வெளியில் வந்த பிறகு அந்த விடயத்தை நாங்கள் பேசியது அவ்வளவுதான். சத்திரசிகிச்சைக்குப் பிறகு அவர் கண் விழிக்கவில்லை.

பதினோரு ஆண்டுகள் காத்திருந்த மச்சாளுக்கும், கட்டணம் கேளாது வழக்காடிய சட்டத்தரணி அம்மாவுக்கும், எழுத்துச் சொல்லிக்கொடுத்து, இறுதிக் கிரியைக்கும் பஸ் ஏறி வந்த குருநாகல் சகோதரருக்கும், தோள் கொடுத்த அயலாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இதை அச்சுக்குக் கொடுக்கமுன் மச்சாளுக்கு வாசித்துக் காட்டினேன். இவ்வளவு காலமும் அவருக்குத் தெரியாது. எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். சீனி போட மறந்திருந்தார். நான் குடித்தேன். "அச்சடிக்கக் குடு," என்றார்.

இதை யாரும் என்னை அடித்து எழுதுவிக்கவில்லை. எனக்கு வாசிக்கத் தெரிந்த மொழியில் இருக்கிறது. முழுவதும் வாசித்துவிட்டுத்தான் கையெழுத்து வைக்கிறேன்.

தம்பி