கறுப்பு இலைச் சோறு

என்னைப் போல ஒரு வாய்க்காரியை எங்கள் அலுவலகத்தில் யாரும் கண்டிருக்கமாட்டார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல மட்டும் அந்த வாய் வராது. வீரபாகு அண்ணையைப் பற்றிச் சொல்ல வந்தால் இதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அவர் கிளிநொச்சியில் எங்கள் உதவி நிறுவனத்தின் சாரதி. நான் அங்கே மொழிபெயர்ப்பாளர். அவருக்குச் சொந்த ஊர் முல்லைத்தீவுக் கரையோரம். சுனாமி வந்து கடல் பொங்கிய அன்று மகள் வினோஜாவைக் கொண்டுபோய்விட்டது. ஆறு வயது. உடல்கூடக் கிடைக்கவில்லை. அதன்பிறகு அவரும் மனைவி ஜெகதீஸ்வரியும் கடல் கண்ணில் படாத ஒட்டுசுட்டானுக்குக் குடிபோனார்கள். பிள்ளையைத் திருப்பித் தராத கடல் தருவது எதுவும் ஆண்டுத் திவசம் முடியும்வரை வாயில் படாது என்று இருவரும் நேர்ந்துகொண்டார்கள். மீன், நண்டு, இறால், கருவாடு ஒன்றுமில்லை. அப்போ உப்பை என்ன செய்வீர்கள் என்று ஒருநாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் கேட்டேன். அதை வெயில்தானே ஆக்குகிறது என்றார், கோபிக்காமல். அப்படிப்பட்ட மனிதர். வீதியில் மாடு படுத்திருந்தால் ஹோர்ன் அடிக்கமாட்டார். இறங்கிப்போய்த் தட்டி எழுப்புவார்.

இரண்டாயிரத்து ஐந்து ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை அலுவலக வேலையாக வவுனியா போனோம். அங்கே பாறூக் நானா புதிதாக ஒரு சாப்பாட்டுக்கடை திறந்திருந்தார். டோகாவில் பெரிய ஹோட்டல் குசினியில் பதினொரு வருடம் சமைத்தவர். சீனச் சோறு, தாய்லாந்து சூப், யப்பான்காரரின் சுஷி என்று வெள்ளைக்காரருக்காகவே பலகை எழுதி வைத்திருந்தார். அதிகாரிகளோடு ஒருமுறை அங்கே போய் வந்ததில் எனக்குத் தலைகால் தெரியவில்லை. அண்ணை வழக்கம்போல வாகனத்துக்குள் இருந்தபடியே கட்டிவந்த சோற்றைப் பிரிக்கப் போனார். விட்டேனா? கையைப் பிடித்து இழுக்காத குறையாக உள்ளே கூட்டிப்போனேன்.

மரக்கறி சுஷிதான் சொன்னேன். அவ்வளவு புத்தி இருந்தது. கறுப்பு இலை சுற்றிய சின்னச் சின்னச் சோற்று உருளைகள் வந்தன, நடுவில் வெள்ளரிக்காயும் கரட்டும். அண்ணை ஒன்றை எடுத்து மணந்து பார்த்தார்.

"தங்கச்சி, இது என்ன இலை? ஒரு மாதிரி மணக்குது."

எனக்கு எங்கே தெரியும்? பாறூக் நானா பத்தடி தள்ளித்தான் நின்றார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் இவளும் ஒன்றும் தெரியாத பட்டிக்காடு என்று நினைப்பாரே என்று வெட்கம்.

"அது அங்கத்தைய ஒரு கீரை, அண்ணை. காயவைச்சது."

என்னை நம்பிச் சாப்பிட்டார். நன்றாயிருக்கிறது என்றார். ஜெகதீஸ்வரி பத்து மாதமாக ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, கொடுத்துப் பார்ப்போம் என்று ஒரு பார்சலும் கட்டுவித்தார்.

திங்கட்கிழமை வேலைக்கு வந்தபோது மனிதரின் முகமே வேறு. ஜெகதீஸ்வரி அக்கா ஒன்றும் மிச்சமில்லாமல் சாப்பிட்டாராம். வினோஜா விளையாட்டுக்கு மண்சோறு ஆக்கி இப்படித்தான் உருட்டி வைப்பாள் என்று சிரித்தாராம். திவசத்தன்று பிள்ளையின் படத்துக்கு முன்னால் படைக்க அந்தச் சோறும் வேண்டும் என்று அக்கா கேட்டிருந்தார்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அடுத்த மாதம் வவுனியா போனபோது, அண்ணையை வாகனத்தில் விட்டுவிட்டு, சொல்லிவைப்பதற்காகப் பாறூக் நானாவிடம் ஓடினேன்.

"இலை முடியப்போகுது, மிஸ்," என்றார் அவர். "கொழும்பிலயிருந்து எடுப்பிக்கோணும். யப்பான் கடல்ல விளையிற பாசியெல்லோ."

ஒன்றும் சொல்லிவைக்காமல் வாகனத்தில் போய் ஏறினேன். வாகனம் கிளிநொச்சி நோக்கித் திரும்பியது. சாப்பிட்டது சாப்பிட்டாயிற்று, இனி யாருக்குத் தெரியப்போகிறது என்று மனம் சொன்னது. அதுவும் வெயிலில் காய்ந்ததுதானே என்றும் சொன்னது. வெட்கம் கெட்ட மனம். ஆனால் அந்தப் பிள்ளையின் படத்துக்கு முன்னால் அதை வைக்கவிட என்னால் முடியவில்லை. புளியங்குளம் தாண்டியதும் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுகொண்டுதான் சொன்னேன்.

அண்ணை வாகனத்தை ஓரமாக நிறுத்தினார். ஏசுவார் என்று பார்த்திருந்தேன். ஏசியிருந்தால் எவ்வளவோ ஆறுதல்.

"அவளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ," என்றார் கடைசியில். "நான்தானே கொண்டுபோய்க் குடுத்தனான்."

என் பிழையை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டார். பாவி நான், அதையும் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

திவசத்தன்று காலை பாறூக் நானாவிடம் இலை இல்லாமல் உருட்டுவித்த சோற்றோடு வவுனியாவிலிருந்து பஸ்ஸில் ஒட்டுசுட்டானுக்குப் போய் இறங்கினேன். ஜெகதீஸ்வரி அக்கா அதை ஒவ்வொன்றாக வாழையிலையில் எடுத்து வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எங்க தங்கச்சி அந்தக் கறுப்பு இலை? அதுதானே ருசி."

"முடிஞ்சு போச்சாம், அக்கா."

"பரவாயில்லை. ஒரு வருசம் கடல்ச் சாமான் ஒண்டும் தொடாமல் இருந்திட்டம். பிள்ளைக்கு அது காணும், வேற என்ன வேணும்."

அண்ணை எழுந்து வெளியே போய்விட்டார். அக்கா விளக்கை ஏற்றிவிட்டு, வந்து கும்பிடு என்று என்னைக் கூப்பிட்டார். நான் போய் அவருக்குப் பக்கத்தில் நின்று கும்பிட்டேன்.